அத்தியாயம் 14: பழைய காயிலில் எழுதியிருந்தது

மூன்று மணிக்குத் தேர்வு. காலை எட்டரைக்கே வண்டி நின்றுவிட்டது.

மருந்துக்கடைக்கு எதிரில், நட்டநடுத் தெருவில், இரண்டு தரம் இருமுவதைப்போலக் குலுங்கிவிட்டு அடங்கிப்போனது. கத்திரியக்கா சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது. என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினாள். மறுபடியும் அதே.

"போதும்மா, பேட்டரியும் போயிடும்" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த மகள்.

"போகட்டும். எல்லாம் ஒரே நாள்ல போயிட்டா ஒரே அழுகையா அழுது முடிச்சிடலாம்."

மகள் சிரிக்கவில்லை. இறங்கி பானட்டைத் தூக்கினாள். பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து, என்ஜினுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்ற டப்பா மாதிரியான, என்ஜின் தீப்பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் மேல் போட்டாள். உஸ் என்று ஆவி கிளம்பியது.

பின்னால் வந்த வண்டிகள் ஒதுங்கிப் போயின. ஒதுங்குகிற ஒவ்வொருவரும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் யார் என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஐம்பது வயதுப் பொம்பளை. கண்ணாடியில் சிவப்பு எல் எழுத்து. கத்திரியக்கா நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன தேர்விலும் இதே கதைதான். சரிவில் பாதி ஏறியதும் வண்டி மூச்சை விட்டது. 'மறுபடி வாங்கம்மா' என்று அதிகாரி தாளில் ஒரு கோடு இழுத்தார். அந்த மறுபடி இன்றைக்கு. பழகுநர் உரிமம் நாளையோடு முடிகிறது.

இன்றைக்கு விட்டால் மேஜையும் போய்விடும். சீருடை தைக்கும் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகத் துணி வெட்டுகிறவள் அவள். வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் சொந்தப் பெயர். மற்றபடி எல்லாருக்கும் கத்திரியக்கா. அந்தக் கூடம் அடுத்த மாதம் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போகிறது. பஸ் பாதித் தூரம்தான் போகும். 'நான் கார் ஓட்டிக்கிட்டு வந்துடுவேன்' என்று முதலாளியம்மாவிடம் அவள் வீராப்பாகச் சொன்னதைச் சென்ற வாரம் பார்த்தோம். முதலாளியம்மா அசரவில்லை. 'திங்கட்கிழமை லைசென்ஸைக் காட்டு. இல்லாட்டி வெட்டு மேஜையை உனக்கு அடுத்தவளுக்குக் கொடுத்துடுவேன், அப்புறம் வருத்தப்படாதே' என்றுவிட்டாள்.

மகள் மெக்கானிக்கை அழைத்துப் போனை ஸ்பீக்கரில் போட்டாள். அவர் எங்கோ வெளியூரில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். குரல் குகைக்குள்ளிருந்து வந்தது.

"சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. அப்படித்தானே? காயில்தான். மாத்திடுங்க."

"நாங்களே மாத்தலாமாண்ணா?"

"ரெண்டு வயர், ஒரு பட்டை, நடுவுல ஒரு தடி வயர். வீட்டுல சாரே மாத்துவார். ஆனா ஒண்ணு. காயில்ல ரெண்டு வகை இருக்கு. பழசுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்து அதையே வாங்குங்க. கடைக்காரன் கையில கிடைச்சதைக் குடுப்பான். நீங்க படிச்சுப் பாருங்க."

கால் மணி நேரத்தில் காயில் ஆறியது. வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. அதுதான் கத்திரியக்காவுக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

*

புரூஃப் சார் வாசலில் நாற்காலி போட்டு, விரித்த செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். கத்திரியக்காவின் கணவர்; அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். அங்கே வைத்த பெயர் வீட்டுக்கும் வந்துவிட்டது.

"மறுபடி நின்னுடுச்சா?" என்றார் தாளிலிருந்து முகத்தை எடுக்காமலே.

"காயிலாம்" என்றாள் மகள். "அதுல எழுதியிருக்கிறதைப் படிச்சு அதே மாதிரி வாங்கணுமாம்பா. நான் கிளம்பறேன். இன்னிக்கு லீவு கேட்டா மேனேஜர் அழுதுடுவார். மத்தியானம் நீங்கதான் அம்மாகூடப் போகணும். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு, இருக்கு."

பழகுகிறவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். மகளுக்குப் புது ஊரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை போகிறாள். பழைய அலுவலகத்தில் பொறுப்புகளை ஒப்படைக்கும் கடைசி நாள்கள் இவை. மிச்சம் இருக்கும் லைசென்ஸ் புரூஃப் சாருடையது. இரண்டு மாதம் முன்னால் பின்னோக்கி எடுக்கும்போது கேட் தூணில் இடித்து, தூண் கட்டினவனைத் திட்டிவிட்டு, 'முழங்கால் வலிக்குது, இனிமே யாராவது ஓட்டிக்கோங்க' என்று சாவியை ஆணியில் மாட்டியவர் அவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே கிளட்ச் எது, பிரேக் எது என்று அவளுக்கு மறந்துபோகும்.

மகள் போனதும் கத்திரியக்கா பானட்டைத் தூக்கினாள். காயில் உள்ளே தள்ளி இருந்தது. எழுத்து இருந்த பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் எட்டிப் பார்ப்பதற்குள் அவர் வந்துவிட்டார்.

"தள்ளு. படிக்கிறது என் வேலை."

அது உண்மைதான். இருபத்தெட்டு வருடமாக அந்த வீட்டில் அச்சாகி வருவதெல்லாம் அவர் கைக்குத்தான் போகும். மருந்துச் சீட்டு, பள்ளிக்கூடச் சுற்றறிக்கை, கல்யாணப் பத்திரிகை எல்லாம். படித்துவிட்டு, முதலில் அதில் இருக்கும் பிழையைச் சொல்வார். அப்புறம்தான் விஷயம்.

அவர் குனிந்தார். கட்டைவிரலால் காயிலின் முதுகைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"மூணு ஓம். பன்னெண்டு வோல்ட். எழுதிக்கோ."

அவள் எழுதிக்கொண்டாள்.

*

உதிரிபாகக் கடையில் ஆறு பேர் கவுண்டரில் சாய்ந்து நின்றார்கள். அவளைப் பார்த்ததும் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். வழி தவறி வந்தவள் என்று நினைத்திருக்கலாம்.

கடைக்காரர் காதில் பென்சிலோடு சீட்டை வாங்கிப் பார்த்தார். வண்டியின் பெயரையும் வருடத்தையும் கேட்டார். சொன்னாள். முப்பத்தெட்டு வருடம் என்றதும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், ஏதோ மரியாதை செய்கிற மாதிரி.

"இன்னும் ஓடுதா?"

"ஓடாமத்தானே உங்ககிட்ட நிக்கிறேன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் உள்ளே போய் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். இரண்டும் ஒரே உயரம், ஒரே கறுப்பு.

"இது மூணு ஓம். இது ஒன்றரை. உங்க வண்டிக்கு ரெண்டும் வரும். ஆரம்பத்துல வந்த வண்டியில மூணு. பின்னால யாராவது மாத்தியிருந்தா ஒன்றரை. பழசைக் கழட்டிக் கொண்டாந்திருக்கலாமேம்மா?"

"படிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்கு."

"யாரு படிச்சா?"

"எங்க வீட்டுக்காரர். முப்பது வருஷம் அச்சகத்துல புரூஃப் பாத்தவர். கால்புள்ளி மாறினாக்கூடக் கண்டுபிடிச்சிடுவார்."

கடைக்காரருக்கு அது போதவில்லை. "காயில் பக்கத்துல வெள்ளையா, விரல் நீளத்துக்கு, பீங்கான் கட்டை ஒண்ணு இருக்கா? ரெண்டு பக்கமும் வயர் மாட்டியிருக்கும். அது ரெசிஸ்டர். பாதிக் கரண்டை அது தாங்கிக்கும். அது இருந்தா ஒன்றரைதான் போடணும். இல்லாட்டி மூணு. மாத்திப் போட்டீங்கன்னா, ஒண்ணு வெந்து போகும், இல்லே தீப்பொறி நோஞ்சானா இருக்கும்."

அவள் வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, காயில் பக்கத்துல வெள்ளையா விரல் நீளத்துக்குப் பீங்கான் கட்டை ஏதாவது இருக்கான்னு பாருங்க."

செருப்புச் சத்தம் கேட்டது. பானட் திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் வெறும் மூச்சு. நீளமான மூச்சு.

"இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"இல்லேங்கறேன்ல? வெள்ளையா ஒண்ணும் இல்ல. எத்தனை தரம் கேப்ப?"

"ஒரு தரம்தான் கேட்டேன்."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

துணியை மேஜையில் விரித்தால் மூன்று தரம் அளக்காமல் கத்திரியை எடுக்கிறவள் இல்லை அவள். ஆனால் இது அவள் மேஜை இல்லை. மணி பதினொன்றரை. அடுத்த பஸ் பத்து நிமிடத்தில். மூன்று ஓம் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கரண்ட் சாமான்மா. மாட்டினதைத் திருப்பி எடுக்க மாட்டேன்" என்றார் கடைக்காரர் முதுகுக்குப் பின்னால்.

*

மாட்டுகிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஸ்க்ரூடிரைவரை விரல் நுனியில் வழிநடத்தி, முகத்தை எதிர்வீட்டு மாடிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஏதோ ஞாபகத்தில் இருப்பவர்போல ஒவ்வொரு வயராகத் தடவிக் கழற்றினார். அதே வரிசையில் புதுசில் மாட்டினார். குனியவேயில்லை.

"பெரிய சர்க்கஸ்காரர்" என்றாள் அவள். "கொஞ்சம் பாத்து மாட்டுங்க."

"இந்த வண்டியை நான் பாத்துத்தான் மாட்டணுமா? என் சட்டைப் பொத்தானைப் பாத்தா போடறேன்?"

பழைய காயிலை டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வீசினார். சாவியைத் திருப்பினாள். என்ஜின் பிடித்தது. நின்ற இடத்தில் அழகாக ஓடியது. அவருக்கு முகம் மலர்ந்தது. அவளுக்கும் கொஞ்சம்.

ஒன்றேமுக்காலுக்குக் கிளம்பினார்கள்.

அந்த முகமலர்ச்சி மேம்பாலம் வரைக்கும்தான். ஏற்றத்தில் கால்வாசி ஏறியதும் வண்டி திக்கியது. மிதித்தால் இழுக்கவில்லை, முன்னால் ஒரு குலுக்கு, பின்னால் ஒரு குலுக்கு.

"செகண்டுக்கு மாத்து" என்றார் அவர்.

"செகண்டுலதான் இருக்கேன்."

"அப்ப ஃபர்ஸ்ட்."

"ஃபர்ஸ்ட்ல ஏறுனா பின்னால வர்றவன் என் மேல ஏறிடுவான்."

"யாரும் வரல, போ."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பஸ் காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு அவள் பக்கக் கண்ணாடியை உரசினாற்போலத் தாண்டிப்போனது. கத்திரியக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். திக்கித் திணறி மேட்டைத் தாண்டி, இறக்கத்தில் ஒரு மரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினாள்.

மணி இரண்டு ஐந்து.

"புதுக் காயிலும் கெட்டதுதான்" என்றார் அவர். "இந்தக் காலத்துல எதை ஒழுங்காச் செய்யறான்?"

இறங்கி மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். நான்காவது தரம்தான் எடுத்தார்.

"நின்னா ஓடுது, ஏத்தத்துல திக்குதா? தீப்பொறி போதலம்மா. என்ன காயில் போட்டீங்க?"

"மூணு ஓம்."

"மூணா? இப்பத்தான் ஞாபகம் வருது, நான்தானே நாலு வருஷம் முன்னால மாத்தினேன். ஒன்றரையும் கட்டையும் போட்டேன். பக்கத்துல வெள்ளைக் கட்டை இருக்குமே?"

"இல்லேன்னாரே."

"நீங்க பாருங்கம்மா."

பானட்டைத் தூக்கினாள். காயிலுக்கு நாலு விரல் தள்ளி, எண்ணெயும் தூசியும் அப்பிய ஒரு கட்டை சுவரில் திருகி மாட்டப்பட்டிருந்தது. இரண்டு முனையிலும் வயர். கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுத்தாள். கீழே பளிச்சென்று வெள்ளை.

அழுக்கில் தெரியாமல் போயிருக்கும் என்று முதலில் நினைத்தாள். தெரியாமல் போகிற அளவா அது? விரல் நீளம் இருந்தது. கேட்டதும் தேடுகிறவன் கையில் தட்டுப்படுகிற இடத்தில் இருந்தது.

டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து பழைய காயிலை எடுத்தாள். வெயிலில் திருப்பினாள். எழுத்து மங்கிக்கூடப் போகவில்லை. ஒன்று, புள்ளி, ஐந்து. கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: வெளி ரெசிஸ்டருடன் மட்டும் பயன்படுத்தவும்.

அவள் அதை அவரிடம் நீட்டினாள்.

"இதுல என்ன போட்டிருக்கு? இன்னொரு தரம் படிங்க."

வாங்கினார். முகத்துக்கு நேரே பிடித்தார். "அதான் சொன்னேனே. மூணு ஓம், பன்னெண்டு வோல்ட்."

காயில் அவர் கையில் தலைகீழாக இருந்தது.

அவள் வாங்கி, நேராகத் திருப்பிக் கையில் வைத்தாள். "இப்ப?"

"இப்ப என்ன, மாறியா போச்சு? மூணு."

மரத்தடியில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கத்திரியக்கா நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நிமிடம் இருக்கும். ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்பதை அவள் அதற்குமுன் அறிந்ததில்லை.

தெருவில் போகும்போது கடைப் பலகைகளில் பிழை கண்டுபிடித்து நின்றுவிடுவார். கடைக்காரனைக் கூப்பிட்டுச் சொல்வார். அவளுக்கு மானம் போகும். அது எப்போது நின்றது? அவளால் சொல்ல முடியவில்லை. நின்றது தெரிந்தபோது நிம்மதியாகத்தான் இருந்திருக்கிறாள். காலை செய்தித்தாள்? தாள் புரட்டுகிற சத்தம் தினமும் கேட்டதே. சத்தம் மட்டும்தான் கேட்டதா? கேட் தூண். முழங்கால். இரண்டு மாதம் முன்பு வரைக்கும் இதே பாலத்தில் அவர்தான் ஓட்டினார், பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டு வர.

இரக்கம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும்போலத் தோன்றியது. எரிச்சல்தான் வந்தது. சட்டத்தின் கணக்குப்படி இந்த வண்டியில் ஓட்டத் தெரிந்தவர் அவர், அவள் மாணவி. கண் தெரிகிறவளுக்கு லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இருக்கிறவருக்கு...

"ஹலோ, அம்மா? இருக்கீங்களா?" கையிலிருந்த போனில் மெக்கானிக் இன்னும் இருந்தார்.

"இருக்கேன்."

"கட்டை இருக்கில்ல? கவலைப்படாதீங்க. மறுபடி கடைக்கு ஓட வேண்டாம். மூணு ஓம் காயில் தப்பில்ல, கட்டையோட சேர்ந்ததுதான் தப்பு. ரெண்டும் சேர்ந்து கரண்டை அமுக்குது. கரண்ட் கட்டை வழியாப் போக வேண்டாம். சாவியை உருவிடுங்க. கட்டையோட ஒரு முனை வயரைக் கழட்டி, அடுத்த முனையில இருக்கிற வயர் மேலயே மாட்டுங்க. ரெண்டு வயரும் ஒரே முனையில. அவ்வளவுதான். சாரை மாட்டச் சொல்லுங்க."

"நான் மாட்டறேன்."

புரூஃப் சார் இறங்கிப் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினார். "குடு, நான்..."

"நீங்க உட்காருங்க."

அந்தக் குரலில் அவள் அவரிடம் பேசியதில்லை. அவர் கதவைத் தடவித் திறந்து உட்கார்ந்தார்.

வயர் இறுகியிருந்தது. நகம் பிளந்தது. கைப்பையில் எப்போதும் இருக்கும் சின்னக் கத்திரியின் முனையை அடியில் கொடுத்து நெம்பினாள். வந்தது. அடுத்த முனையில் வைத்து அழுத்தினாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது தரமும்.

மணி இரண்டு இருபத்தைந்து. சாவியைத் திருப்பினாள். சத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. அடுத்த ஏற்றத்தில் வண்டி ஒரு திக்கல் இல்லாமல் ஏறியது. அவர் 'செகண்டு' என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே அவருக்கு என்ன தெரிகிறது என்று அவள் யோசித்தாள். கேட்கவில்லை.

*

தேர்வு மைதானத்தில் இந்த முறை ஒரு பெண் அதிகாரி. கையில் அட்டை, அட்டையில் பட்டியல். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்.

"கூட வந்தவர் யாரு? லைசென்ஸைக் காட்டுங்க."

புரூஃப் சார் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதிகாரி படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"வழி முழுக்கப் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டீங்களா சார்?"

"பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

அதிகாரி கத்திரியக்காவைப் பார்த்தார். "சரிதானேம்மா?"

ஒரே ஒரு வார்த்தை. அதை மாற்றிச் சொன்னால் தேர்வு அங்கேயே முடிந்தது, மேஜை போனது. மாற்றாமல் சொன்னால் இரண்டு மாதமாக அவர் சொல்லிவரும் பொய்யில் அவளும் பங்கு.

"சரிதான்" என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேறு யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது. குறுகலான இடத்தில் பின்னால் எடுத்தாள். சரிவில் பாதியில் நிறுத்தி, ஒரு அங்குலம் பின்னால் போகாமல் கிளப்பினாள். போன தரம் நின்ற அதே இடம். பயம் வரவில்லை. பயப்படுகிற இடத்தை வேறு ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது.

முத்திரை விழுந்தது. "நல்லா ஓட்டறீங்க. யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் அதிகாரி.

"என் பொண்ணு."

பெஞ்சில் இருந்தவர் அவள் காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினார். "சரிவுல கிளட்சை அவசரமா விட்டுட்ட."

"காதால பாத்தீங்களா?"

வாயிலிருந்து போன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்தது. அவர் எழுந்தார். வண்டி எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். அவள் முழங்கையைப் பிடித்தாள். அவர் உதறவில்லை.

வண்டிக்குள் உட்காரும்போது போன் அடித்தது. மகள்.

"என்னாச்சும்மா?"

"பாஸ்."

காது அடைக்கிற மாதிரி ஒரு கூச்சல். பின்னால் அலுவலகமே கைதட்டியது. "சொன்னேன்ல! சொன்னேன்ல! சரி கேளு, ஞாயித்துக்கிழமை நீ ஓட்ட வேண்டாம். முதல் தடவையே நெடுஞ்சாலை வேண்டாம். அப்பாவே என்னைச் சாமானோட கொண்டுபோய் விடறேன்னு நேத்தே சொல்லிட்டாரு. முழங்கால் தேவலையாம். நாலு மணி நேரம்தானே?"

கத்திரியக்கா பக்கத்து சீட்டைப் பார்த்தாள். போனின் சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது. மடியில் வைத்த கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாற்றி வைத்துக்கொண்டார்.

"குட்டி, ஆபீஸ் விட்டதும் எங்கேயும் போகாம நேரா வீட்டுக்கு வா. அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

"என்ன? நல்ல விஷயமா?"

"வா, சொல்வார்."

போனை வைத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லணும்னு சொல்லலையே" என்றார் அவர்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். மைதானம், வாசல், பெரிய சாலை. என்ஜின் ஒரே சீராக ஓடியது. இப்போதைக்கு அது ஒன்றுதான் அவள் சொன்னபடி கேட்கிறது.

நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. நிறுத்தினாள். பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

"ஏன் நிக்கிற?" என்றார்.

"சிக்னல்."

"ம்." நேரே முன்னால் பார்த்தபடி, மிக மெதுவாகக் கேட்டார்: "சிவப்பா?"

எதிரே ஒரு தட்டு அகலத்துக்கு எரிந்துகொண்டிருந்தது அது.

"எத்தனை நாளாங்க?" என்றாள்.

அவர் மடியில் இருந்த கைகளை மறுபடி மாற்றி வைத்துக்கொண்டார். பச்சை விழுந்தது. அவள் கால் கிளட்சில் இருந்தது, கை கியரில் இருந்தது. இரண்டும் அசையவில்லை. பின்னால் ஒரு ஹாரன். அப்புறம் மூன்று. அப்புறம் தெரு முழுக்க.

"பச்சை விழுந்துடுச்சா?"

"விழுந்துடுச்சு."

"அப்ப எடேன். கத்தறானுங்க பாரு."

"கத்தட்டும். நீங்க சொல்லுங்க. எடுக்கறேன்."

யாரோ பின்னாலிருந்து இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டு அவர்களை நோக்கி நடந்து வந்தான். கண்ணாடியில் அவள் அவனைப் பார்த்தாள். மறுபடி திரும்பிக் கணவரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை திறந்தன.